பன்னிரண்டு வருடக் கணக்கு

ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970களில். அதன் பிறகு சூளகிரி, பாகலூர், மத்திகிரி என ராகி விளைந்த மண்ணுக்கெல்லாம் சதுர அடியில் விலை சொல்ல ஆரம்பித்தார்கள். பாகம் பிரிக்காத வீடுகளுக்கும் அன்று பிடித்தது சனி.

அண்ணன் பெங்களூரில் வேலை பார்ப்பார். ஊர் வீட்டில் தம்பி குடும்பம். வாடகை கிடையாது, எழுத்தும் கிடையாது. 'நீயே இருந்து பார்த்துக்கோ' என்ற வாய்ச்சொல்தான். இருபது வருடம் கழித்து அண்ணன் விற்க வந்தால், "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல அனுபவத்துல இருக்கோம், வீடு எங்களுது" என்பார்கள்.

1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் அந்தப் பன்னிரண்டு இருக்கிறது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினாலும் அதே கணக்குதான். ஆனால் டீக்கடைப் பேச்சில் பாதிச் சட்டம் விழுங்கப்படுகிறது. உரிமையாளருக்குத் தெரியும்படி, அவர் உரிமையையே மறுத்து, இடைவிடாமல் 12 ஆண்டு இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அனுமதியோடு இருந்தவருக்கு ஐம்பது வருடமும் பலிக்காது. கூட்டு வாரிசுகளில் ஒருவர் குடியிருந்தால் அது எல்லோர் சார்பிலும் இருப்பதாகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லிவிட்டது. கோவாவில் ஒரு சகோதரியின் வீட்டில் சகோதரர் குடும்பம் இருந்த வழக்கில், பராமரிக்க வந்தவர் எத்தனை காலம் தங்கினாலும் உரிமை வராது என்றது 2012 தீர்ப்பு.

இவ்வளவு இருந்தும் அண்ணன்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. குடியிருப்பவரே வாதியாகப் போய் அனுபவ உரிமை கேட்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. இந்தச் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று 2023-ல் சட்ட ஆணையமும் சொல்லிவிட்டது.

பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் ஓடு மாற்றியதும் யார் என்று தம்பி கேட்பதிலும் நியாயம் உண்டு.

கவலை வேறு இடத்தில். 'பார்த்துக்கோ' என்று சொன்னதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் மெல்லத் தம்பி பெயருக்கு மாறுகின்றன. இவை உரிமைப் பத்திரம் ஆகாதுதான். ஆனால் எதிர்த்தரப்பிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாதபோது கூண்டில் பேசுவது அந்த ரசீதுகளே. 'அண்ணன் அனுமதியில் குடியிருக்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதி வாங்கக் கூச்சப்படும் குடும்பங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸில் பேசிக்கொள்கின்றன. ஊராட்சி வீட்டு வரியை இப்போது இணையத்திலேயே கட்டலாம். பெங்களூரில் உட்கார்ந்தபடியே அண்ணன் தன் கையால் கட்டி, ரசீதை வருடாவருடம் எடுத்து வைக்கலாம்.