வன்தட்டின் மந்தம் தரும் எச்சரிக்கை

வீட்டுக் கணினி மந்தமடைந்தால் தேவையற்ற கோப்புகளை அழிப்பதிலேயே பலர் முதலில் இறங்குகின்றனர். தட்டு நிரம்பியிருப்பின் அதனால் பயனுண்டு. எனினும், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் வன்தட்டில் பழுதான இடமொன்று தோன்றினால், அங்குள்ள தரவை வாசிக்க அது திரும்பத் திரும்ப முயலும். அம்முயற்சியே தாமதமாக வெளிப்படுகிறது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கவல்லது. திடீர் மின்வெட்டோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புகளைச் சிதைக்கவல்லது.

எனவே, முதலில் ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் பிரதியெடுக்க வேண்டும். அடுத்து, தட்டு தன் நிலை குறித்துத் தானே பேணும் 'ஸ்மார்ட்' பதிவை அதற்குரிய மென்பொருள் மூலம் பார்க்க வேண்டும். பழுதால் கைவிடப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதிகரித்துச் சென்றால் தட்டை மாற்றுவதே வழி. பதிவில் குறை தென்படாவிடின், கேபிளைச் சோதித்து, இடத்தை விடுவித்து, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தலாம். எஸ்.எஸ்.டி. வகைக்கு இவ்வொழுங்குபடுத்தல் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்துக் குடும்பங்களின் படங்களையும் பத்திரங்களையும் அள்ளிச் சென்றபோது முன்னறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. வன்தட்டோ பல வேளைகளில் முன்கூட்டியே உணர்த்துகின்றது. அதனை அலட்சியம் செய்தலாகாது.