கூத்தும் இறுவட்டும்: சில கலைச்சொற்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வருவது வவுணதீவு. கன்னன்குடா முதலிய ஊர்களைக் கொண்ட இப்படுவான்கரைப் பகுதி கூத்துக்குப் பேர்பெற்றது. விடியும்வரை ஆடப்படும் கூத்தை ஒளிப்பதிவு செய்து டீவீடீ இறுவட்டில் அமைக்க முனைவோர் எதிர்கொள்ளும் கலைச்சொற்கள் சிலவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை வெறும் பொறியியற் சொற்கள் அல்ல. எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு ஒவ்வொன்றினுள்ளும் அடங்கியுள்ளது.

முதலாவது, பிட்டு வீதம். ஒரு செக்கன் நேரக் காட்சிக்கு ஒதுக்கப்படும் தரவின் அளவே இது. சாதாரண இறுவட்டொன்று 470 கோடி பைட்டு, அதாவது 3760 கோடி பிட்டு கொள்ளும். 2 மணி நேரப் பதிவாயின் செக்கனுக்கு ஏறத்தாழ 52 இலட்சம் பிட்டு கிடைக்கும். 8 மணி நேரக் கூத்தை ஒரே தட்டில் அடக்கினால் 13 இலட்சமே எஞ்சும்.

இரண்டாவது, ஒடுக்கல். ‘பால்’ ஒளிபரப்பு முறையில் செக்கனுக்கு 25 சட்டகங்கள் உள்ளன. டீவீடீக்குரிய எம்பெக்-2 முறை அவையனைத்தையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முழுச்சட்டகம் ஒன்றை வைத்துக்கொண்டு, தொடர்வனவற்றில் மாறிய பகுதிகளை மட்டுமே எழுதுகின்றது. இத்தகைய தொகுதி ஒன்றில் 15 சட்டகங்கள் வரை அமையலாம். அமர்ந்து பேசுபவரைப் பதிய இது போதும். சுழன்றாடும் வீரனைப் பதியும்போதோ ஒவ்வொரு சட்டகமும் மாறுகின்றது. வீதம் குறைந்தால் காலடிகள் கட்டங்கட்டமாகச் சிதையும். கூத்தைப் பயில்பவனுக்கு வேண்டியது அக்காலடியே.

மூன்றாவது, அத்தியாயம். பார்ப்பவர் வேண்டிய இடத்துக்குத் தாவுவதற்காக இடப்படும் குறி இது. நூல்வழக்கான இச்சொல்லினும் ‘வரவு’ என்பதே கூத்துக்குப் பொருந்தும். பாத்திரங்கள் தத்தமக்குரிய தாளக்கட்டுடன் களரிக்கு வருவதே கூத்தின் இயல்பான பகுப்பு. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மென்பொருள் இடும் குறி இதனை அறியாது. மேலும், இக்குறி தொகுதியின் தொடக்கத்திலுள்ள முழுச்சட்டகத்திலேயே அமைய முடியும். ஆதலால் அது அரைச் செக்கன் அளவுக்கு விலகலாம். மத்தளத்தின் முதலடி அறுபட அதுவே போதும். வரவுகளை ஒடுக்கலுக்கு முன்னரே குறித்துக்கொடுத்தால் இக்குறை நீங்கும். அவ்விடங்களை நன்கறிந்தவர் அண்ணாவியார்.

நான்காவது, துணையுரை. பாடல்வரிகளைத் தரும் இது டீவீடீயில் எழுத்தாகவன்றிப் படமாகவே சேமிக்கப்படுகின்றது. எனவே தமிழ் எழுத்துரு இல்லாத கருவியிலும் பிழையின்றித் தோன்றும்.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனை மேடைக்கெனச் சுருக்கி அளித்தார். அது கலைஞரும் அறிஞரும் அறிந்து செய்த சுருக்கம். ஒடுக்கலோ எவரையும் கேளாமல் நிகழும் சுருக்கம். இன்று இறுவட்டின் இடத்தைக் கைத்தொலைபேசியும் இணையமும் பிடித்துவிட்டன. எனினும் ஒடுக்கலும் வீதமும் அங்கும் உண்டு. மூலப்பதிவைப் பேணாது ஒடுக்கிய படியை மட்டும் வைத்திருப்பின் இழந்தது மீளாது. ஆகவே இச்சொற்கள் களரியில் நிற்போருக்கு விளங்கும் தமிழில் வழங்குதல் வேண்டும். தன் கூத்தில் எது விடப்படுகின்றது என்று அண்ணாவியார் கேட்பதற்கு, முதலில் அதற்குரிய சொல் அவரிடம் இருத்தல் வேண்டும்.