ஜப்பான் சுற்றிப் புதுச்சேரிக்கு

ஜப்பானியக் கைவினை புதுச்சேரிக்கு நேராக வரவில்லை. கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானில் வெளிநாட்டவராகக் குடியிருந்து, அங்குள்ளவர்கள் வீடு கட்டுவதையும் மண் பிசைவதையும் பார்த்துப் பழகியவர்கள்.

முதலில் வந்தவர் பாரிஸில் பிறந்த மீரா அல்ஃபாசா, பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை. 1916 முதல் 1920 வரை தோக்கியோவிலும் கியோத்தோவிலும் வாழ்ந்தார். ஜப்பானிய வீடுகள் சுற்றியுள்ள நிலத்தோடு இயைந்து நிற்பதைப் பற்றிப் பிற்காலத்தில் வியந்து பேசியிருக்கிறார். அவர் ஜப்பானை விட்ட 1920-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் சாந்த்-இலேர் அங்கே போய்ச் சேர்ந்தார். 1925-இல் அவரும் புதுச்சேரிக்கு வந்து பவித்ரா என்ற பெயரில் ஆசிரமவாசியானார். தோக்கியோவில் அவருக்கு நண்பராகியிருந்தவர் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். செக் நாட்டவரான ரேமண்ட், இம்பீரியல் ஹோட்டல் கட்டும் வேலைக்காக கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் போய், தோக்கியோவிலேயே அலுவலகம் வைத்துக்கொண்டவர்.

ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இந்த நட்பில் விளைந்தது. வேலை 1937-இல் தொடங்கியது. மேற்பார்வைக்கு ரேமண்ட் அனுப்பியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த இவரும் தோக்கியோவுக்குப் போய்த்தான் முன்னோரின் தச்சுக் கலையை நெருங்கிப் பார்த்தார்.

கட்டடம் கான்கிரீட், குணம் ஜப்பானியம். நீள்பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருப்பதால் வெயில் நேராக விழாது. வெளிச்சுவர் இருக்கவேண்டிய இடத்தில் திறந்து மூடும் லூவர் பலகைகள். அறைக்கும் நடைக்கும் நடுவே, பக்கவாட்டில் நகரும் தேக்குக் கதவு. அதன் சட்டங்கள் இடைவெளி விட்டு அமைந்திருப்பதால் மூடினாலும் காற்று வரும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மேஜையும் கட்டிலும் நாகாஷிமாவின் வடிவமைப்பு. கைப்பிடி, தாழ்ப்பாள்களுக்கு வேண்டிய பித்தளை, அன்பர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்க்கப்பட்டது. மின்விசிறி இல்லாமல் புதுச்சேரிப் புழுக்கத்தைச் சமாளிக்க முயன்ற கட்டடம் என்பதே இதன் பெரிய சிறப்பு. இன்றைய கண்ணாடிக் கட்டடக்காரர்கள் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

நாகாஷிமா 1939-இல் கிளம்பிவிட்டார். போர்க்காலத்தில் அமெரிக்கா தன் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது இவரும் அடைபட்டார். முகாமில், ஜப்பானில் பயின்ற தச்சர் ஒருவரிடம் மர இணைப்பு வேலையைக் கற்றுக்கொண்டார். பின்னர் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் பெயர் பெற்றார்.

அடுத்த வரவு மண். ஜப்பானிய மொழி படித்து, பிஸென் ஊரில் மட்பாண்டம் பயின்ற அமெரிக்கர் டெபோரா ஸ்மித், குயவர் ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். பிஸென் பாண்டங்களுக்கு மேல்பூச்சு கிடையாது. பைன் விறகு நாள்கணக்கில் எரியும்போது பறக்கும் சாம்பல் மண்மீது படிந்து உருகி, தானே பளபளப்பாகிறது.

தமிழ்நாட்டுக்குக் குயவுத்தொழில் புதிதல்ல. சூளையின் சூடுதான் புதிது. நம் பானை ஏறக்குறைய 800, 900 டிகிரியில் வேகும். அதில் நுண்துளைகள் இருக்கும், நீர் கசிந்து ஆவியாகும், தண்ணீர் குளிரும். ஸ்டோன்வேர் எனப்படும் பாண்டம் 1,200 டிகிரிக்கும் மேல் வெந்து கல்லாகிவிடுகிறது. கசியாது, புளி, எண்ணெய் எதுவும் ஊறாது. குடிநீருக்குப் பழைய பானையே மேல். குழம்புக் கிண்ணத்துக்கும் தேநீர்க் குவளைக்கும் ஸ்டோன்வேர்தான் பொருத்தம்.

புதுச்சேரியில் பைனுக்குப் பதில் சவுக்கு எரிந்தது. டெபோராவின் தூரிகைக் கோடுகள் தட்டுகளிலும் குவளைகளிலும் ஏறின. உள்ளூர் ஆட்கள் சக்கரத்தில் பழகினார்கள். மீக்கர் பல மாணவர்களை உருவாக்கினார். மண்வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பு மூட்டிச் சுட்டெடுக்கும் சோதனைகளிலும் இறங்கினார். அவரிடம் கற்றவர்களில் சிலர் ஆரோவில் பக்கம் சொந்தச் சூளை போட்டார்கள். கடைகளில் ‘பாண்டி பாட்டரி’ என்று விற்பனையாகும் குவளைகளின் வம்சாவளி இங்கிருந்துதான் தொடங்குகிறது.