பழைய டிப்பர் வண்டிக்கு என்ன விலை?

அமெரிக்காவில் புல்வெளி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன டிப்பர் வண்டி ஒன்று உண்டு. இரண்டு சக்கரம், ஓர் இரும்புத் தொட்டி, ஓர் ஏர்க்கால், தொட்டியைச் சாய்த்துக் கொட்ட ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான். ஆனால் அரை நூற்றாண்டு பழைய வண்டியை ஒருவர் ஐம்பது டாலருக்குத் தருகிறார், பக்கத்து ஊர்க்காரர் பல நூறு டாலர் கேட்கிறார். இதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஒரே வண்டி இரண்டு வேறு சரக்காக விற்பனையாகிறது. ஒருவர் அதை மண் சுமக்கும் கருவியாக வாங்குகிறார், இன்னொருவர் தன் பழைய டிராக்டருக்கு ஜோடி சேர்க்க வாங்குகிறார். எந்தச் சரக்கை வாங்குகிறோம் என்று முதலில் தீர்மானிக்காதவர் இரண்டு வகையிலும் ஏமாறுவார் என்பதே என் வாதம்.

இந்த இரட்டை வாழ்க்கைக்குக் காரணம் அந்த வண்டிகள் பிறந்த காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்கள் பரந்தன. வீட்டைச் சுற்றிப் பெரிய புல்வெளி வைத்திருந்தவர்களுக்காகக் குட்டி டிராக்டர்கள் வந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-இல் கப் கேடட்டையும், ஜான் டீர் 1963-இல் 110 என்ற மாதிரியையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. இந்தியானாவின் வீல் ஹார்ஸ், விஸ்கான்சினின் சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் ஆகியவையும் அந்தப் போட்டியில் இருந்தன. டிராக்டரோடு வியாபாரம் முடியவில்லை. கலப்பை, பனி தள்ளும் பலகை, டிப்பர் வண்டி என்று துணைக்கருவிகளையும் அதே நிறத்தில், அதே பெயரில் விற்றார்கள். இன்று அந்த டிராக்டர்களைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைப்பவர்கள், வண்டியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தேடுவது அதனால்தான்.

கருவியாக வாங்குபவரின் கணக்கு எளிது. அதே கொள்ளளவுள்ள புது வண்டியின் விலைதான் உச்சவரம்பு, அதிலிருந்து பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். புதியது 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வெடித்துப்போன இரண்டு டயருக்கு 60, அடித்தகட்டை வெட்டி ஒட்டுப்போட 70 என்றால் மிஞ்சுவது 120. நம் உழைப்பையும் சேர்த்தால் இன்னும் குறையும். பழுதை எங்கே பார்ப்பது என்பதைச் சுமையே சொல்லிவிடும். ஒரு கன அடி ஈரமண் ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். பத்து கன அடித் தொட்டியை நிரப்பினால் 450 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் அச்சிலும், சக்கரக் குடத்தின் புஷ்ஷிலும், ஏர்க்கால் பற்றவைத்த இடத்திலும் இறங்குகிறது. ஈரச் சருகும் உரமும் தங்கிய தொட்டியின் மூலைகளில் துரு முதலில் ஓட்டை போடும். எனவே பளபளக்கும் பெயிண்டைப் பார்ப்பதைவிட, தொட்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது பயன் தரும்.

‘அந்தக் காலத் தகடு கனமானது, இன்றைய வண்டியோடு அதை எப்படி ஒப்பிடலாம்?’ என்று கேட்பார்கள். நல்ல பழைய வண்டிகளைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. இன்றைய மலிவு வண்டிகளில் தகடு மெலிந்தே இருக்கிறது. ஆனால் அன்று எவ்வளவு கனத்தில் செய்தார்கள் என்பதற்கல்ல, இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கே பணம் கொடுக்கிறோம். அரித்துப்போன கனத்த தகடு, முழுசாக இருக்கும் மெல்லிய தகட்டுக்கு ஈடாகாது. அடித்தகடு உண்மையிலேயே நன்றாக இருந்தால் புது வண்டியின் விலையையே கொடுக்கலாம், தவறில்லை.

ஜோடிப் பொருளாக வாங்குபவருக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. ஜான் டீரின் 80 என்ற எண்ணுள்ள டிப்பர் வண்டியைத் தேடுபவருக்குக் கடையில் கிடைக்கும் புது வண்டி மாற்றாகாது. அதனால்தான் இந்த வகை விலைக்குச் சான்று கட்டாயம். ஜான் டீரின் பச்சைப் பெயிண்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஸ்டிக்கர்கூடப் புதிதாக வாங்கி ஒட்டலாம். ஏர்க்காலின் வளைவு, தாழ்ப்பாளின் அமைப்பு, சக்கரத்தின் வடிவம் ஆகியவற்றைப் பழைய கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியின் பின்கதவைக் கழற்றி வைத்துத் தொலைத்திருந்தால் அது பெரிய குறை, ஏனென்றால் டயரை எங்கும் வாங்கலாம், அந்தக் கதவை வாங்க முடியாது. ‘அபூர்வமானது’ என்ற பேச்சும் தனியாக நிற்காது. எவரும் சேகரிக்காத பெயருள்ள வண்டி எத்தனை அபூர்வமானாலும் அது வெறும் வண்டிதான்.

அப்படியானால் சந்தை விலையை எங்கே தெரிந்துகொள்வது? விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரங்கள்தான் நம் கண்ணில் அதிகம் படும், நியாய விலைக்கு வந்தவை சீக்கிரம் மறைந்துவிடும். எனவே ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றின் விலையையும், பண்ணை ஏலங்களில் போன விலையையும் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு திருத்தம் தேவை. இந்த வண்டியை அனுப்பும் செலவு பல சமயம் வண்டி விலையையே எட்டும். ஆகவே தொலைவில் விற்ற விலை நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. தேடும்போதும் ஒரே பெயரோடு நின்றுவிடக் கூடாது. என்ன பொருள் என்று தெரியாமல் ‘டிரெய்லர்’, ‘வேகன்’ என்று போட்டு விற்பவர்கள் உண்டு. வீட்டைக் காலிசெய்யும் விற்பனைகளில் டிராக்டரோடு சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். வசந்தத்தில் தோட்ட வேலை தொடங்கும்போது எல்லோரும் வண்டி தேடுவார்கள், பனிக்காலத்தில் பேரம் பேச இடமிருக்கும்.

இத்தனை கணக்கும் ஒரு தோட்ட வண்டிக்குத் தேவையா என்றால், தேவைதான். கருவிக்குச் சேகரிப்பு விலை கொடுப்பவர் பணத்தை இழக்கிறார். சேகரிப்புப் பொருளைக் கருவி விலைக்கு விற்பவரும் இழக்கிறார், பிறகு அது மண் சுமந்தே ஓட்டையாகிவிடும். பேரத்துக்குப் போகுமுன் இரண்டு தொகைகளைத் தனித்தனியே எழுதிக்கொள்வது நல்லது. ஒன்று வேலைக்கான விலை, மற்றது ஜோடிக்கான விலை. இரண்டாவதைக் கேட்பவரிடம் அதற்கான சான்றைக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் முதல் தொகைக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்க வேண்டியதில்லை.