இடுப்பில் தொங்கிய வெள்ளிக் கத்தி

கிரேக்கத்தின் பிண்டஸ் மலையிலும் பல்கேரிய எல்லையை ஒட்டிய ரோடோப்பி மலையிலும் ஆடு மேய்த்துத் திரிந்தவர்கள் சராகட்சானி மக்கள். அந்த இனத்துப் பெண்களின் நகைகளில் ஒரு கத்தியும் உண்டு. கிரேக்கத்தில் அதை ‘அசிமோசுயாஸ்’ என்பார்கள். வெள்ளிக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி அது. சங்கிலியில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டால், கறுப்புக் கம்பளி உடைமேல் பளிச்சென்று தெரியும்.

ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளை ஒட்டி மந்தை மலையேறும். அக்டோபர் 26, புனித டிமிட்ரி திருநாள் வந்தால் சமவெளிக்கு இறங்கும். சொந்த நிலம் கிடையாது, நிலையான வீடும் கிடையாது. போகிற இடத்தில் கழிகளை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்து குடிசை எழுப்புவது பெண்கள் வேலை. நூற்பதும் நெய்வதும் தண்ணீர் சுமப்பதும் அவர்கள் பொறுப்புதான். பெட்டியும் பூட்டும் இல்லாத அந்த வாழ்க்கையில் சேர்த்த வெள்ளியை உடம்பில் போட்டுக்கொண்டுதான் நடக்க முடியும்.

வெள்ளி என்றால் காசுமாலை போதாதா, கத்தி எதற்கு? இரும்பைக் கண்டால் தீயவை விலகும் என்பது கிரேக்கக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. சுழல்காற்றில் வரும் நெராய்தா என்ற மோகினிகளை விரட்டக் கறுப்புக் கைப்பிடிக் கத்தியைத்தான் நம்பினார்கள். பிள்ளை பெற்றவள் வெளியே வராத நாற்பது நாளும் அவள் பக்கத்தில் இரும்பு வைப்பதுண்டு. ஊர்க் கண் முழுவதும் விழுவது புதுப்பெண் மேல். அவள் இடுப்பில் தொங்கும் கத்தியின் வெள்ளி பார்ப்பவர்களுக்கு. உள்ளே மடங்கியிருக்கும் இரும்பு அவளுக்கு. எனக்கு இந்த நகையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இத்தகைய வெள்ளி வேலைக்குப் பேர்போனது கிரேக்கத்தின் எப்பிரஸ் வட்டாரம். அங்கே இயோனினா நகரத்திலும் கலாரிதெஸ் என்ற மலைக் கிராமத்திலும் கைதேர்ந்த தட்டார்கள் இருந்தார்கள். வெள்ளியில் கோடு வெட்டி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் கலந்த கரும்பொடியை அதில் நிரப்பிச் சூட்டில் உருக்குவார்கள். ஆறியபின் தேய்த்தால் மேல்பூச்சு போய், கோடுகளில் மட்டும் கறுப்பு நிற்கும். ரோமில் புல்காரி நகை நிறுவனத்தைத் தொடங்கிய சொத்திரியோஸ் வூல்காரிஸும் இந்த எப்பிரஸ்காரர்தான்.

1912–13 பால்கன் போர்களுக்குப் பிறகு மேய்ச்சல் வழிகளின் குறுக்கே புது எல்லைகள் வந்தன. பல்கேரியப் பக்கம் இருந்தவர்களின் மந்தைகளையே 1950களின் கடைசியில் அரசு கூட்டுப்பண்ணைக்கு எடுத்துக்கொண்டது. மலையேற்றம் நின்றதும் அன்றாட உடை மாறியது. நகைகள் பெட்டிக்குப் போயின. மலைநாட்டு ஆணின் துப்பாக்கியையும் வாளையும் பற்றி வீரக்கதைகள் எத்தனையோ உண்டு. பெண்ணின் கத்தியை ‘இடுப்பணி’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. பிரசவமும் கண்ணேறும் குடும்பச் சொத்தும் அந்தச் சங்கிலியில்தான் சேர்ந்து தொங்கின.

கிரேக்கத்தின் சகோரி மலையில் கிஃப்டோகம்போஸ் என்னுமிடத்திலும், பல்கேரியாவின் சிலிவென் நகரத்துக்கு மேலே கரன்திலாவிலும் கோடைதோறும் இந்த மக்கள் கூடுகிறார்கள். பாட்டிமார் காலத்து உடையைப் பேத்திகள் அங்கே உடுத்தி ஆடுகிறார்கள்.