உருளும் இல்லமும் ஒரு குடை நிழலும்

இல்லம் என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் உள்ளத்தில் எழுவது நிலைபேறான ஒன்று. அத்திவாரம், சுவர், கூரை, முற்றம், கிணறு, வேலி என எண்ணிச் செல்லுங்கால் அவை யாவும் மண்ணைப் பற்றி நிற்பனவாகவே இருக்கின்றன. ஊர்ந்து செல்லும் இல்லம் என்று ஒருவர் கூறுவாராயின், நத்தையையும் ஆமையையுமே நாம் நினைப்போம். ஆனால், இல்லத்துக்குச் சில்லுப் பூட்டி, அதனை மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி, மலைச்சாரலுக்கும் ஏரிக்கரைக்கும் பாலைநிலத்துக்கும் இழுத்துச் சென்று, நண்பர் குழாத்தோடு சில நாட் தங்கி வாழும் வழக்கம் வட அமெரிக்காவிலே நூறாண்டுக்கு மேலாக நிலவி வருகின்றது. அவ்வில்லத்தை அவர்கள் டிரெயிலர் என்பர். இழுவை வீடு என நாம் வழங்கலாம்.

கட்டில், அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்ப்பெட்டி, கழிப்பறை ஆகிய யாவும் இருபது முப்பது அடி நீளமுள்ள ஒரு கூட்டினுள் அடங்கிவிடும். கதவைச் சாத்திக்கொண்டால் அயலார் எவரது உதவியும் வேண்டியதில்லை. பிறரைச் சாராது வாழ்வதற்கென்றே அமைந்தது போன்ற அக்கூடு, கடுங்கோடையிலே தன்னை உடையானுக்குக் கற்பிக்கும் பாடமோ முற்றிலும் வேறானது. அப்பாடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழக்கத்தின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். 1919ஆம் ஆண்டிலே புளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றிலே தங்கியிருந்த மோட்டார்ப் பயணிகள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். தகரப்பேணிச் சுற்றுலாக்காரர் எனப் பொருள்படும் வேடிக்கையான பெயரை அதற்கு இட்டனர். வெறும் தகரப்பேணி ஒன்றை வண்டியின் முகப்பிலே பொருத்திக்கொள்வது அவர்தம் அடையாளம். வழியில் இடருற்ற பயணிக்கு உதவுதல் அவர்கள் மேற்கொண்ட கடப்பாடுகளுள் ஒன்று. எனவே, உருளும் இல்லத்தின் வரலாறு தொடங்கும்போதே, பேணியோடு நட்பும் சேர்ந்தே தொடங்கிற்று எனலாம்.

அவ்வரலாற்றிலே பெரிதும் பேசப்படுபவர் வாலி பையம் என்பவர். 1896இல் ஓரிகன் மாநிலத்திலே பிறந்த அவர், இளமையில் ஆடு மேய்த்தவர். கழுதை இழுக்கும் இருசில்லு வண்டியொன்றிலே மண்ணெண்ணெய் அடுப்பும் உணவும் நீரும் படுக்கையும் வைத்துக்கொண்டு மந்தையின் பின்னே திரிந்தவர். பிற்காலத்தில் ஏர்ஸ்ட்ரீம் என்னும் பெயரோடு அவர் ஆக்கிய வெள்ளியொளி வீசும் அலுமினிய வீடுகளுக்கு அக்கழுதை வண்டியே மூதாதை என்று கூறின் மிகையாகாது. 1936இல் வெளிவந்த அவரது 'கிளிப்பர்' என்னும் வீட்டிலே நால்வர் உறங்கலாம், மின்விளக்கு உண்டு, வெப்பந் தடுக்கும் உறை உண்டு. உலர்பனிக்கட்டி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டைக் கொண்டு உள்ளறையைக் குளிர்விக்கும் ஏற்பாடும் அதற்குண்டு. வெயிலோடு பொரும் முயற்சி அன்றே தொடங்கிவிட்டது.

பல இழுவை வீடுகள் ஒன்றாய்ச் செல்லும் தொகுதியைக் காரவன் என்பர். நம் முன்னோர் இத்தகைய வழிச்செல் கூட்டத்தைச் சாத்து என்றனர். உப்பு வாணிகராகிய உமணர் மனைவி மக்களோடு வண்டி நிரையாகக் காடும் சுரமும் கடந்து சென்ற செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் கூறும். மேடுபள்ளங்களில் அச்சு முறியுமாயின் மாற்றுதற்கென்று வேறோர் அச்சினை வண்டியின் கீழே கட்டிச் செல்லும் அவர் வழக்கத்தை ஒளவையார் புறநானூற்றிலே உவமையாக எடுத்தாண்டுள்ளார். சேம அச்சு என்பது அதன் பெயர். மாற்றுச் சில்லு ஒன்றைப் பின்புறத்தே தொங்கவிட்டுச் செல்லும் இன்றைய இழுவை வீடுகளைக் காணும் தமிழாசிரியன் எவனுக்கும் அச்சொல் நினைவுக்கு வராமற் போகாது.

பையம் 1951இல் மத்திய அமெரிக்காவை நோக்கி ஒரு சாத்தினை நடத்தினார். அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் புறப்பட்டன. வழியின் கொடுமை தாங்காது பெரும்பாலானவை இடையிலே நின்றுவிட்டன. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். 1955இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள கென்ற்வில் என்னும் ஊரிலே இச்சாத்தினர் கூடித் தமக்கெனக் கழகம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். 1959இல் 41 இழுவை வீடுகளோடு ஆபிரிக்காவின் தென்கோடியாகிய கேப் நகரிலிருந்து புறப்பட்ட அவர் கூட்டம், எதியோப்பியப் பேரரசர் ஹெயிலி செலாசியைக் கண்டு மகிழ்ந்து, 1960இல் எகிப்தின் கெய்ரோவை அடைந்து, பிரமிட்டுகளின் அருகே பாளயமிறங்கியது. 1962இல் பையம் மறைந்தார். அவர் தொடக்கிய வழக்கம் மறையவில்லை.

இச்சாத்துக்கள் தங்கும் முறையிலே கருதத்தக்க ஒன்றுண்டு. பரந்த வெளியிலே வீடுகளை வண்டிச்சில்லின் ஆர்க்கால்கள்போல வட்டமாக நிறுத்துவர். நடுவிலே பொதுவெளி ஒன்று எஞ்சும். நம் நாற்சார் வீட்டின் நடுமுற்றம் போன்றது அது. எவர் எழுந்தார், எவர் எழவில்லை, எவர் வீட்டுக் கதவு நெடுநேரம் திறவாதிருக்கின்றது என்பன அங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும். பார்வைக்கு அழகான ஒழுங்கு மட்டுமன்று இது. உயிர் காக்கும் ஒழுங்குமாம். எவ்வாறெனில், கூறுதும்.

கோடை நடுப்பகலிலே இழுவை வீடு என்பது வெயிலில் வைத்த பேணிக்கு ஒப்பானது. பளபளக்கும் அலுமினியம் கதிரொளியிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் என்பது மெய்யே. எனினும், யன்னல் வழியே புகுந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். பூட்டிய மோட்டார் வண்டி இதற்கு நல்ல சான்று. வெளியே 35 பாகை செல்சியஸ் வெப்பமெனின், ஒரு மணி நேரத்தில் அதனுள்ளே 50 பாகையைக் கடத்தலுங்கூடும். சுவர் தடித்த கல்வீடு பகல் வெப்பத்தை மெல்லமெல்லவே உள்ளே விடும். மெல்லிய சுவருடைய இழுவை வீட்டுக்கோ அப்பொறுமை கிடையாது.

ஆதலின், பழகிய பயணி வீட்டை நிறுத்துமுன் ஞாயிற்றின் போக்கை நோக்குவான். மாலை வெயிலை மரநிழல் மறைக்குமா என்று பார்ப்பான். பக்கப் பந்தற் சீலையை விரிக்குமிடம் எது, காற்று எத்திசையிலிருந்து வரும் என்று ஆராய்வான். குளிர்ப்பெட்டி அமைந்த பக்கத்தை நிழற்பக்கம் ஆக்குவான். இதற்கோர் அழகிய காரணமுண்டு. இழுவை வீடுகள் பலவற்றிலுள்ள குளிர்ப்பெட்டி நெருப்பினாற் குளிரை விளைவிப்பது. சுவீடன் நாட்டு மாணவர் இருவர், வொன் பிளாட்டன், முண்டேர்ஸ் என்போர், 1922இல் கண்ட முறை அது. சிறு வாயுச்சுடர் அமோனியாக் கரைசலைச் சூடாக்க, பிரிந்தெழுந்த அமோனியா குளிர்ந்து நீர்மமாகி, மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். கவர்ந்த வெப்பம் பெட்டியின் முதுகுப்புறத்தாலே வெளியேற வேண்டும். அம்முதுகிலே வெயில் அடிப்பின் பெட்டி சோர்ந்துவிடும். வீடு சாய்ந்து நின்றாலும் கரைசல் ஒழுங்காக ஓடாது. சில்லின் கீழே பலகை வைத்து மட்டம் பார்க்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, கூரைமேல் அமர்ந்த குளிரூட்டி என்னும் பொறி. இன்றைய இழுவை வீட்டுக்காரர் பெரிதும் நம்புவது அதனையே. அது வேண்டும் மின்னோட்டமோ பெரிது. பாளயத்திலே நிறுத்திய வீடுகள் பலவும் ஒரே வடத்திலிருந்து மின்சாரம் பெறுமாயின், நடுப்பகலில் எல்லாப் பொறிகளும் ஒருங்கே ஓடத் தொடங்க, மின்னழுத்தம் தாழும். தாழ்ந்த அழுத்தத்திலே பொறியின் மோட்டார் திணறும், சூடேறும், ஈற்றில் நின்றுவிடும். ஒருவர் பெறும் குளிர் மற்றொருவர் பெறவேண்டிய குளிரைக் குறைக்கும் நிலை இங்கே உண்டாகின்றது.

என்னிடம் தமிழ் பயின்று, நெடுங்காலமாகக் கனடாவிலே வாழும் மாணவர் ஒருவர் இதனை எனக்கு விளக்கமாகச் சொன்னார். ஐந்து நண்பர் குடும்பங்கள் ஐந்து இழுவை வீடுகளோடு ஏரிக்கரை ஒன்றிலே பாளயமிறங்கினவாம். முதனாள் மாலையிலே பாட்டும் சிரிப்பும் சமையலுமாகப் பொழுது போயிற்று. மறுநாள் வெயில் அனலாய்க் காய்ந்தது. உச்சிப்பொழுதிலே ஒவ்வொருவராக எழுந்து தத்தம் வீட்டினுட் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டனர். "ஐயா, நண்பர்களாய்ப் போனோம். ஒரு வெயிலிலே ஐந்து பெட்டிகளாய்ப் போனோம்" என்றார் அவர்.

கடைக்கோடி வீட்டிலே தனியே வந்திருந்தவர் எழுபது வயது கடந்த பெரியவர். பகலுணவின் பின் அவர் கண்ணயர்ந்தார். மின்னழுத்தம் தாழ்ந்தபோது அவர் வீட்டுக் குளிரூட்டி ஓசையின்றி நின்றுவிட்டது. எவரும் அறிந்திலர். பிற்பகல் தேநீர் வேளையிலே, "பெரியையாவை இன்னுங் காணோமே" என்று என் மாணவரின் துணைவியார் சென்று கதவைத் தட்டினார். உள்ளிருந்து வந்த விடையிலே சொற்கள் தடுமாறின. திறந்து பார்த்தால் அவர் உடல் கொதித்தது, ஆளறியாத பார்வை. உடனே அவரை மரநிழலுக்குத் தூக்கி வந்து, உடலெங்கும் நீர் தெளித்து, நனைத்த துணி போர்த்தி, விசிறிக்கொண்டே அம்புலன்ஸ் வண்டியை அழைத்தனர். அவர் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது ஐயமென்று மருத்துவர் கூறினாராம்.

இஃது ஒருவர் வாழ்வில் நேர்ந்த தற்செயல் என்று ஒதுக்கத்தக்கதன்று. 1995ஆம் ஆண்டு யூலை மாதத்திலே சிக்காகோ நகரை வாட்டிய வெப்ப அலையில் 700க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஆராய்ந்து 2002இல் நூல் வெளியிட்ட சமூகவியலாளர் எரிக் கிளைனன்பேர்க், தனித்து வாழ்ந்த முதியோர் பலர் ஒருவரும் அறியாதபடி பூட்டிய அறைகளிலே இறந்ததை எடுத்துக்காட்டினார். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலே வெப்பத்தால் இறந்தோர் 619 பேர். அவருள் நூற்றுக்கு 98 பேர் உயிர்விட்டது வெயிலிலன்று, வீட்டினுள்ளே. பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தோர். அரிசோனாவின் மரிக்கோப்பா மாவட்டத்திலே 2023இல் வெப்பத்துக்குப் பலியானோர் 645 பேர்; இழுவை வீடுகளுக்குள்ளே மாண்டோரும் அவர்களுள் உளர். வெப்பம் கொல்வது மெய்யே. தனிமை அதற்குத் துணைநின்று கொல்கின்றது.

அங்ஙனமாயின் பொறியைப் பழிப்பதா? அன்று. முதியோர்க்கும் குழந்தைகட்கும் நோயாளர்க்கும் கடுங்கோடையில் அது மருந்து போன்றது. மருந்தைப் பகிரும் முறைதான் வேண்டும். அந்நண்பர் குழாம் அன்று மாலையே அம்முறையைக் கண்டுகொண்டது. ஐந்து பொறிகளுள் இரண்டை மட்டும் ஓட்டுவதென்றும், அவ்விரு வீடுகளிலும் முதியோரையும் குழந்தைகளையும் ஒருங்கே இருத்துவதென்றும், ஏனையோர் ஐந்து பந்தற் சீலைகளையும் நெருக்கி விரித்த ஒரே நிழலின் கீழே கதிரைகளை இட்டு அமர்வதென்றும் தீர்மானித்தனர். மணிக்கொருமுறை எல்லார்க்கும் நீர் வழங்கும் பொறுப்பு இளைஞர் ஒருவரைச் சார்ந்தது. சமையல் விடியற்காலத்துக்கும் அந்திக்கும் மாற்றப்பட்டது. மின்னழுத்தம் பின்னர்த் தாழவில்லை. எஞ்சிய நாட்கள் கூட்டமாகவே கழிந்தன.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று. குளிரைக் கதவடைத்துக் காக்கவேண்டும், நிழலுக்கோ கதவில்லை. ஆதலின், குளிரை உடையவன் பிறரை மறத்தல் எளிது. நிழலில் இருப்பவனுக்கு அஃது இயலாது. அருகிருப்பவன் முகம் வாடுவதை அவன் கண் காணும். கதவுக்குள் அடைபட்ட குளிரையுங்கூடப் பிறரோடு பகிரலாம் என்னும் அறிவு, நிழலில் ஒருங்கிருந்து பழகியோர்க்கே விரைந்து தோன்றும். சில்லின் ஆர்க்கால்கள்போல வீடுகளை நிறுத்தி, நடுவே பொதுவெளி விட்ட பழஞ்சாத்தினர், பயணத்தின் உயிர்நிலையை அறிந்தவரே.

மாணாக்கர் இதனை அயல்நாட்டாரின் பொழுதுபோக்குச் செய்தி என்று மட்டுங் கொள்ளாதிருப்பாராக. நம் ஊர்களிலும் வேலிகள் மதில்களாகின்றன, யன்னல்கள் அடைபடுகின்றன, கூரைமேற் பொறிகள் ஏறுகின்றன. நிலைத்து நிற்கும் வீடும் பூட்டிய கூடாவதற்குச் சில்லு வேண்டியதில்லை. உமணன் தன் வண்டியிலே சேம அச்சினைக் கட்டியது, அச்சு முறிந்த பின்னரன்று, புறப்படுமுன்னர். அயலார் நட்பும் அத்தகையதே. வெயில் ஏறுமுன் அதனைத் தேடிக் கட்டிக்கொண்டவர், வழி எத்துணை நெடிதாயினும் ஊர்போய்ச் சேர்வர்.