துணிவும் தெளிவும்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. ஆடுவோர் இருவருக்கும் தனித்தனியே 16 காய்கள் உண்டு. வெள்ளைக் காய்களை உடையவர் முதல் நகர்த்தலை 20 வகையாகச் செய்யலாம். கருங்காய்களை உடையவரும் 20 வகையாக விடையிறுக்கலாம். ஆகவே, இருவரும் ஒருமுறை காயை நகர்த்திய அளவிலேயே 400 நிலைகள் தோன்றக்கூடும். ஆயினும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் இவற்றுள் மிகச் சிலவற்றையே விரும்பி மேற்கொள்கின்றனர். பல தலைமுறையினர் ஆடிப் பார்த்து, நன்மை தீமைகளை ஆராய்ந்து வகுத்த வழிகளே தொடக்கங்கள் எனப்படும்.

நல்ல தொடக்கம் மூன்று பயன்களை நாடும். பலகையின் நடுவிடத்தைத் தன் ஆட்சியில் வைத்தல் ஒன்று. காய்களை விரைவில் களத்துக்குக் கொணர்தல் மற்றொன்று. அரசனுக்குத் தக்க காவல் தேடுதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றைத் துறந்து வேறொரு நன்மையை நாடும் தொடக்கங்களும் உள்ளன. ஒரு காலாளை வலியக் கொடுத்து, எதிரியின் அரசன்மேல் பாய்வது ஒருவகை. நடுவிடத்தை எதிரிக்கு விட்டு, ஓரங்களிலிருந்து அதனைத் தாக்குவது மற்றொரு வகை. பலரும் ஆடாத இவ்வழிகளில் எதிரி திகைக்கக்கூடும். ஆனால், சிறு பிழை நேரினும் ஆடுபவருக்கே கேடு விளையும். அங்ஙனமாயின், இத்தகைய வழியை எப்போது மேற்கொள்ளலாம்? எப்போது விலக்கலாம்? மூன்று ஆட்டங்கள் இவ்வினாவுக்கு விளக்கம் தருகின்றன.

1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கப்பபிளாங்காவும் மார்ஷலும் எதிரெதிரே அமர்ந்தனர். கியூபா நாட்டவரான கப்பபிளாங்கா, பின்னர் 1921இல் உலக வீரரானவர். அமெரிக்கரான மார்ஷல் தாக்குதலில் வல்லவர். எனினும், 1909இல் இருவரும் ஆடிய தொடர்ப் போட்டியில் கப்பபிளாங்கா 8 ஆட்டங்களை வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தார். இம்முறை மார்ஷல் கருங்காய்களுடன் ஆடினார். எட்டாம் நகர்த்தலில் ஒரு காலாளை நடுவிடத்துக்குத் தள்ளி, இழப்புக்கு அஞ்சாது தாக்குதலுக்கு வழி திறந்தார்.

எதிரி முன்னரே ஆராய்ந்து வந்த வழி இது என்பதைக் கப்பபிளாங்கா உணர்ந்தார். ஆயினும், தம் நிலையைக் காத்துக்கொள்ள இயலும் என்று கணித்து, அக்காலாளை வெட்டினார். பின்னர் வந்த தாக்குதல் கடுமையானது. ஒவ்வோர் அடியையும் பலகையின் முன்னமர்ந்தே ஆராய்ந்து தடுத்த கப்பபிளாங்கா, 36ஆம் நகர்த்தலில் வெற்றி பெற்றார். எதிரி திகைப்பான் என்ற ஒன்றை மட்டும் நம்பினால் போதாது என்பதை இவ்வாட்டம் காட்டியது.

ஆயினும், அத்தொடக்கம் அன்றோடு மறைந்துவிடவில்லை. தோற்ற ஆட்டம் மீண்டும் ஆராயப்பட்டது. அவ்வாட்டத்தில் 11ஆம் நகர்த்தலில் மார்ஷல் தம் குதிரையைப் பின்வாங்கச் செய்திருந்தார். அதற்கு மாறாக, ஒரு காலாளை ஒரு கட்டம் முன்னே வைத்துக் குதிரைக்கு ஊன்றுகோலாக்குவதே சிறந்தது எனப் பின்னர் கண்டனர். அத்திருத்தத்தால் தாக்குதல் வலுப்பெற்றது. 1965இல் உலக வீரரை எதிர்க்கும் உரிமைக்கான இறுதிப் போட்டியில் ஸ்பாஸ்கி இதனைக் கைக்கொண்டார். முன்னாள் உலக வீரரான தால் இதனை உடைக்க இயலாது தவித்தார். இன்றும் வெள்ளைக் காய்களுடன் ஆடும் வல்லுநர் பலர், இத்தாக்குதலுக்கு இடங்கொடாமல் வேறு வழியில் செல்கின்றனர். திகைப்பு ஒரு நாளோடு தீர்ந்தது. ஆராய்ச்சியால் பெற்ற வலிமையோ நிலைத்தது.

இரண்டாம் ஆட்டம் 1980இல் சுவீடன் நாட்டின் ஸ்காரா நகரில், ஐரோப்பிய அணிகளின் போட்டியில் நிகழ்ந்தது. அப்போது உலக வீரராக விளங்கிய கார்ப்பொவ், அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினார். இங்கிலாந்து வீரர் மைல்ஸ், அரசியின் பக்கத்து ஓரத்துக் காலாளை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். நடுவிடத்தைப் பொருட்படுத்தாத இந்நகர்த்தல், கற்றுக்குட்டியின் செயல் போலத் தோன்றும். ஆனால், மைல்ஸ் இழந்தது என்ன? காய் எதுவும் இழக்கப்படவில்லை. அரசனுக்கு உடனடித் தீங்கும் இல்லை. சிறிது இடமே எதிரிக்குச் சென்றது. அடுத்த காலாளையும் முன்னேற்றி, தொலைவிலிருந்து நடுவிடத்தை நெருக்கிய அவர், உலக வீரரையே வென்றார். எனினும், இத்தொடக்கம் வல்லுநர்களின் பொதுவழியாக ஆகவில்லை. ஒரு வெற்றியால் மட்டும் ஒரு வழி சிறந்ததாகிவிடாது.

ஒரு தோல்வியால் அது தாழ்ந்ததாகிவிடுவதும் இல்லை. 1995இல் நியூயார்க்கில் நடந்த உலகப் போட்டியில், தமிழ்நாட்டு வீரர் விசுவநாதன் ஆனந்த், காஸ்பரோவை எதிர்த்தார். 13 ஆட்டங்கள் முடிந்தபோது ஆனந்த் பின்தங்கியிருந்தார். 14ஆம் ஆட்டத்தில், உலகப் போட்டிகளில் அரிதாகவே காணப்பட்ட ஸ்காண்டிநேவியத் தொடக்கத்தை அவர் ஆடினார். இதில் கருப்பு அரசி தொடக்கத்திலேயே வெளிவந்து, எதிரியின் குதிரைக்கு அஞ்சி மீண்டும் நகர நேரும். இக்குறையிருந்தும், ஆனந்த் தொடக்கத்திலிருந்து நல்ல நிலையையே பெற்றார். பின்னர் நேர்ந்த பிழைகளாலேயே ஆட்டம் அவர் கையை விட்டுச் சென்றது. ஆகவே, தொடக்கத்தின் தகுதி வேறு; ஆட்டத்தின் முடிவு வேறு.

பழகாத தொடக்கத்தை மேற்கொள்ள விரும்புபவர் சிலவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எதிரி மிகச் சிறந்த விடையைக் கண்டுகொண்டால், தமக்கு எஞ்சுவது என்ன? இழப்பது இடமா, காயா, அரசனின் காவலா? நகர்த்தல்களை மனப்பாடம் செய்ததோடன்றி, அவற்றின் காரணங்களையும் தாம் அறிந்துள்ளாரா? அன்றைய போட்டியில் சமநிலை போதுமா, வெற்றியே வேண்டுமா? இவ்வினாக்களுக்குத் தக்க விடை உண்டாயின், அரிய வழியிலும் அஞ்சாது செல்லலாம். விடை இல்லையாயின், பலர் நடந்த பாதையே நன்று.

எதிரி பிழை செய்வான் என்று காத்திருத்தல் துணிவாகாது. எதிரி பிழையின்றி ஆடினும் தாம் நிலைத்து நிற்கக்கூடும் என்று ஆராய்ந்து அறிந்தபின் காயைத் தொடுவதே துணிவாகும்.